ஒரே லிம்பெட்டை ரெண்டு தடவை பாக்குறது எப்படி

பாறைக் கடற்கரைக்குப் போன எல்லாருமே லிம்பெட்டைப் பாத்திருப்பாங்க, என்ன ஒண்ணு, பாத்தோம்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. பாறை மேல சின்னச் சின்னக் கூம்புத் தொப்பி கவுத்து வச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், சாம்பல் இல்லன்னா பழுப்புக் கலர், விரல் நகம் அளவுலேர்ந்து ரெண்டு மூணு செ.மீ. வரைக்கும், நாம அது பாறையோட சொறின்னு நெனச்சு மேலயே கால வச்சுத் தாண்டிப் போயிடுவோம். உண்மையில அது ஒரு நத்தை. சுருள் ஓடு இல்லாத நத்தை, அவ்ளோதான். தலை இருக்கு, ரெண்டு கொம்பு இருக்கு, ஒரு பெரிய தசைப் பாதம் இருக்கு, அப்புறம் வீடும் இருக்கு. அந்த வீட்டை விட்டுக் கெளம்பி மேயப் போயி திரும்ப அதே எடத்துல வந்து உக்காரும். இதைப் பத்திதான் எழுதப் போறேன். பகல்ல பத்து நிமிஷம் பாத்துட்டு "ஆமா ஒட்டிக்கிட்டு இருக்கு"ன்னு போறதுல ஒண்ணுமே இல்ல, அதே ஆளை ராத்திரி நடக்கும்போது ஒரு தடவை, காலையில வீட்ல உக்காந்திருக்கும்போது ஒரு தடவைன்னு பாத்தாத்தான் விஷயமே புரியும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பேத்து எடுக்காதீங்க. நான் மொத தடவை போனப்போ அடியில என்னதான் இருக்குன்னு பாக்குற ஆசையில ஒரு மொன்னைக் கத்தியை ஓட்டுக்கு அடியில விட்டு நெம்புனேன். மொதல்ல கத்தி வழுக்குச்சு, அப்புறம் ஓட்டோட விளிம்பு கால் இஞ்ச் பிஞ்சு கையோட வந்துச்சு, ஆளு மட்டும் அசையவே இல்ல. அன்னிக்கு அது ஏதோ ஜெயிச்ச மாதிரி எனக்குத் தோணுச்சு, ஆனா விளிம்பு ஒடஞ்ச லிம்பெட்டுக்கு அதுக்கப்புறம் பாறையோட இடைவெளி இல்லாம மூடிக்க முடியாது, வெயில்ல உள்ள இருக்கிற தண்ணி காஞ்சு போகும், நண்டுக்கும் அந்த இடைவெளி வசதியா இருக்கும். முழுசாப் பேத்து வேற எடத்துல வச்சாலும் அதே கதிதான், ஏன்னா ஓட்டோட விளிம்பு அது உக்காருற பாறையோட மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரியே வளந்திருக்கும், வேற எடத்துல அது சேராது. தெரியாம ஒண்ணு கழண்டு வந்துட்டா எங்கேர்ந்து வந்துச்சோ அதே எடத்துல, அதே பக்கம் பாத்த மாதிரி வச்சு, அது பிடிச்சுக்கிற வரைக்கும் விரலால லேசா அழுத்திப் பிடிங்க.

அந்தப் பிடி எப்படின்னு கேட்டீங்கன்னா, உடும்பே வந்து பாடம் கேக்கணும். ரொம்ப நாளா எல்லாரும் வெறும் உறிஞ்சுப் பிடின்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க, ரப்பர் கப் சுவத்துல ஒட்டுமே அந்த மாதிரி. ஆனா காத்துல உறிஞ்சுப் பிடிக்கு ஒரு எல்லை இருக்கு, காத்தழுத்தத்துக்கு மேல போக முடியாது, அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு சுமாரா 1 கிலோ. லிம்பெட்டோட பிடியை அளந்து பாத்தா அதைவிட அதிகமா வந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது, தண்ணிக்கு அடியில நடமாடும்போது உறிஞ்சுப் பிடி, தண்ணி வத்தினதும் பாதத்துலேர்ந்து வர்ற ஒரு கெட்டியான சளி பசை மாதிரி வேலை செய்யுதுன்னு. ஒரே பாதம், ரெண்டு டெக்னிக்.

சரி, எங்க தேடுறது. மணல் ஓரம் கெடக்குற உருண்டைக் கல்லுல டைம் வேஸ்ட் பண்ணாதீங்க, அலை வந்தா உருள்ற கல்லுல வீடு கட்ட அதுக்கென்ன பைத்தியமா. நிலையா நிக்கிற பெரிய பாறை வேணும். கடல் தண்ணி ஏறும்போது (ஏத்தம்) மூழ்கி, எறங்கும்போது (வத்தம்) வெளிய தெரியிற பட்டை இருக்கு பாருங்க, அதுல நடுப்பகுதியில தேடுங்க. பச்சையா பாசி படர்ந்திருக்கிற பாறையில திடீர்னு அங்கங்க வழிச்சு விட்ட மாதிரி மொட்டையா வட்டம் தெரிஞ்சா அந்த வட்டத்துக்கு நடுவுலயோ ஓரத்துலயோ ஒரு லிம்பெட் இருக்கும். கொட்டலசு (பாறையில ஒட்டியே வாழுற சின்ன ஓட்டு உயிரி, பார்னக்கிள்) அடர்த்தியா ஒட்டியிருக்கிற எடத்துலயும் இதே மாதிரி காலி எடம் தெரியும், ஏன்னா லிம்பெட் மேயும்போது அப்பத்தான் வந்து ஒட்டின குட்டிக் கொட்டலசையும் புல்டோசர் மாதிரி தள்ளிக்கிட்டுப் போயிடும்.

பாறையில எவ்ளோ உயரத்துல இருக்குன்னு பாத்து ஓட்டையும் பாருங்க. மேல, வெயில் அதிகம் படுற எடத்துல இருக்கிறது பெரும்பாலும் உயரமான கூம்பா இருக்கும், கீழ எப்பவும் ஈரமா இருக்கிற பக்கம் தட்டையா இருக்கும். கண்ணுல பட்டது எல்லாம் அசல் லிம்பெட்டும் கெடையாது. உச்சியில சாவித் துவாரம் மாதிரி ஓட்டை இருந்தா அது வேற குடும்பம், கீஹோல் லிம்பெட்னு சொல்வாங்க. ஓட்டோட வலது பக்கம் மட்டும் கொஞ்சம் புடைச்சு வெளிய துருத்திக்கிட்டு இருந்தா அது சைஃபோனேரியா, காத்தை சுவாசிக்கிற வகை, பாக்கத்தான் லிம்பெட் மாதிரி இருக்கும், சொந்தம்னு பாத்தா தோட்டத்து நத்தைக்குத்தான் நெருக்கம். செத்த ஓடு ஒண்ணு கெடச்சா திருப்பிப் பாருங்க, உள்ள குதிரை லாடம் மாதிரி ஒரு தசைத் தழும்பு தெரியும், லாடத்தோட திறந்த பக்கம்தான் தலை இருந்த பக்கம். இதை ஒரு தடவை மனசுல வாங்கிக்கிட்டா அடையாளம் பாக்குறது ஈசி, பாட்டெல்லாங்கிற லிம்பெட் இனம் மாதிரியான வகைகள்ல ஓட்டோட உச்சி நடுவுலேர்ந்து கொஞ்சம் தலைப் பக்கமா தள்ளியே இருக்கும், அதனால உக்காந்திருக்கிற லிம்பெட் எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்குன்னு மேலேர்ந்து பாத்தே சொல்லிடலாம்.

இப்ப வீடு. லிம்பெட் உக்காந்திருக்கிற எடத்துல அதோட ஓட்டு அளவுக்கே பாறையில ஒரு வட்டத் தடம் இருக்கும், சில பாறையில வெறும் நெறம் மாறின வளையம், சில பாறையில நல்லாவே குழிஞ்சிருக்கும். பாறை மிருதுவா இருந்தா ஓடு பாறையைத் தேய்க்கும், பாறை கடினமா இருந்தா பாறை ஓட்டைத் தேய்க்கும், எப்படியோ கடைசியில ரெண்டும் டப்பாவும் மூடியும் மாதிரி சேந்துடும். நீங்க பாக்கப் போற லிம்பெட்டுக்கு இந்தத் தடம் இருக்கான்னு மொதல்ல உறுதி பண்ணிக்கோங்க, ஏன்னா எல்லா லிம்பெட்டுக்கும் நிரந்தர வீடு கெடையாது, சில வகை பாறையில நாடோடியா திரியும். பக்கத்துல ஆள் இல்லாத காலித் தடம் ஒண்ணு ரெண்டு தெரிஞ்சா சந்தோஷப்படுங்க, அது வீடு கட்டுற கூட்டம்னு அர்த்தம்.

எடுத்துக்கிட்டுப் போகவேண்டியது கொஞ்சம்தான். வழுக்காத, மூடின ஷூ, நெத்தியில கட்டுற லைட், அதுக்கு மேல ஒட்ட ஒரு துண்டு சிவப்பு செல்லோபேன் பேப்பர் (வெள்ளை வெளிச்சம் நேரா அடிச்சா சிலது அப்படியே அமுங்கி உக்காந்துடுது, சிவப்புக்கு அவ்ளோ கண்டுக்கிறதில்ல, இது என் அனுபவம்), 10 மடங்கு பெருசா காட்டுற கை லென்ஸ், சின்ன ஸ்கேல், பென்சில், நோட்டு. பேனா வேணாம், ஈரத்துல எழுதாது. அப்புறம் ஒரு நெயில் பாலிஷ்.

நெயில் பாலிஷ் எதுக்குன்னா அடையாளம் வைக்க. ஆராய்ச்சி பண்றவங்க நம்பர் போட்ட குட்டி பட்டையை ஓட்டுல ஒட்டுவாங்க, நமக்கு அதெல்லாம் வேணாம். பகல்ல வத்தம் இருக்கும்போது போயி ஓடு நல்லா காஞ்சிருக்கிற லிம்பெட்டா பாத்து உச்சிக்குப் பக்கத்துல ஒரே ஒரு பொட்டு, கடுகு அளவுக்கு, போதும். விளிம்புல வைக்காதீங்க, வளர்ற எடம் அதுதான். பளபளன்னு மின்னுற கலரும் வேணாம், பறவைக்கு நாமளே காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும், லிம்பெட்டைக் கொத்திப் பேத்துத் தின்கிற பறவைகள் இருக்கு, நண்டும் நட்சத்திர மீனும் தனி. பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியா இருந்தா பொட்டும் வைக்கக் கூடாது, போட்டோ மட்டும்தான். உண்மையச் சொன்னா போட்டோவே போதும், ஒவ்வொரு ஓட்டுலயும் அரிப்பு, கீறல், ஒட்டியிருக்கிற கொட்டலசு எல்லாம் வேற வேற மாதிரி இருக்கும், நேரா மேலேர்ந்து ஸ்கேலைப் பக்கத்துல வச்சு எடுத்துட்டா முகம் மாதிரி அடையாளம் தெரியும். நான் சோம்பேறி, அதான் பொட்டு. அஞ்சாறு லிம்பெட் செலக்ட் பண்ணுங்க, ஒண்ணே ஒண்ணை நம்பிப் போகாதீங்க, அன்னிக்குப் பாத்து அதுக்கு மேய மூடு இருக்காது.

இனிமேதான் முக்கியமான எடம், டைமிங். ஒரு வத்தத்துக்கும் அடுத்த வத்தத்துக்கும் சுமாரா 12 மணி 25 நிமிஷம், அதனால இன்னிக்கு ராத்திரி 9 மணிக்கு வத்தம்னா நாளைக்கு கிட்டத்தட்ட 9:50, நாளான்னிக்கு 10:40ன்னு தள்ளிக்கிட்டே போகும். பெரும்பாலான கரைக்கு இதுதான் கணக்கு, ஒரு நாளைக்கு ஒரே வத்தம் வர்ற கடலும் இருக்கு, அதனால உங்க கடற்கரைக்கு உண்டான டைட் டேபிளை (ஏத்த வத்த நேரப் பட்டியல்) ஆப்ல பாத்துக்கோங்க. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி தண்ணி ரொம்ப தூரம் உள்ள வாங்கும், ஆனா அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கத் தேவையில்ல, நடுப்பட்டையில இருக்கிற லிம்பெட் எந்த வத்தத்துலயும் வெளிய தெரியும். நமக்கு வேண்டியது ராத்திரி வத்தம், செங்குத்தான பாறை. ஏன் செங்குத்துன்னா, ஐரோப்பாவோட அட்லாண்டிக் கரையில நார்வேலேர்ந்து போர்ச்சுகல் வரைக்கும் இருக்கிற பாட்டெல்லா வல்காட்டாங்கிற லிம்பெட்டைத்தான் ரொம்ப வருஷமா ஆராய்ஞ்சிருக்காங்க, அதுல ஒரே வகையே எடத்துக்குத் தகுந்த மாதிரி டைமை மாத்திக்குது, படுக்கையா இருக்கிற பாறையில இருக்கிறது பகல்ல தண்ணி மூடியிருக்கும்போது மேயுது, செங்குத்துப் பாறையில இருக்கிறது ராத்திரி தண்ணி வத்தியிருக்கும்போது மேயுது. தண்ணிக்கு அடியில மேயிறதை நாம பாக்க முடியாது, அதனால செங்குத்து. காத்து அதிகமா அடிக்காத, ஈரம் நிக்கிற ராத்திரியா பாருங்க, காஞ்ச காத்து அடிச்சா எதுவும் வீட்டை விட்டுக் கெளம்பாது.

தனியாப் போகாதீங்க. வத்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போயி உக்காந்துடுங்க, தண்ணி திரும்பி ஏற ஆரம்பிச்சதும் கெளம்பிடுங்க, "இன்னும் அஞ்சு நிமிஷம்"ங்கிற பேச்சே வேணாம், திரும்பி வர்ற வழியில தண்ணி பூந்துருச்சான்னு அடிக்கடி பாத்துக்கோங்க. பச்சைப் பாசி மேல கால் வைக்கவே கூடாது, எண்ணெய் தடவின தரை மாதிரி வழுக்கும். கடலுக்கு முதுகைக் காட்டி உக்காரவும் கூடாது, லிம்பெட் பாக்குற சுவாரஸ்யத்துல இதுதான் எல்லாரும் மறக்குறது.

பாறைகிட்ட போனதும் முகத்தை ஓட்டுக்கு ஒரு ஜாண் தூரத்துல வச்சுக்கிட்டு சும்மா இருங்க. தொடாதீங்க, தட்டாதீங்க, நிழலையும் ஆட்டாதீங்க. மொதல்ல ஓட்டுக்கும் பாறைக்கும் நடுவுல ஒரு கருப்புக் கோடு தெரியும், தாள் சொருகுற அளவுக்கு, அதுதான் ஓட்டைத் தூக்க ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். கொஞ்ச நேரத்துல முன்பக்கம் ரெண்டு மெல்லிசான கொம்பு எட்டிப் பாக்கும், பாறையைத் தொட்டுத் தொட்டுப் பாக்கும். அப்புறம் நகரும். நடக்குதுன்னு சொல்றதை விட வழுக்கிக்கிட்டுப் போகுதுன்னு சொல்லலாம், அவசரமே கெடையாது, பென்சிலால பாறையில ஓரமா ஒரு கோடு போட்டு வச்சாத்தான் நகர்ந்ததே நம்ப முடியும். வீட்டுத் தடத்தை விட்டு முழுசா வெளிய வந்த அந்த நிமிஷம் இருக்கு பாருங்க, ஈரமான, பளபளப்பான, சுத்தமான ஒரு வட்டம் பாறையில தெரியும், நான் மொதல்ல பாத்தப்போ யாரோ வீட்டைப் பூட்டாம வெளிய போயிட்ட மாதிரி இருந்துச்சு.

லென்ஸை எடுத்து தலைப் பக்கம் பாருங்க. தலை இடதும் வலதுமா ஆடிக்கிட்டே போகும், வாய் தெறந்து நாக்கு மாதிரி ஒரு பட்டை வெளிய வந்து பாறையை நக்கிட்டு உள்ள போகும், ஒவ்வொரு நக்கலுக்கும் பாறையில வெளுத்த ஒரு சின்னக் கீறல் விழும். கீறல் எல்லாம் சேந்து வளைஞ்சு வளைஞ்சு போற கோலம் மாதிரி ஒரு தடம், மறுநாள் பகல்லயும் தெரியும், படத்தை எடுத்து வச்சுக்கோங்க. அலைச் சத்தம் கம்மியா இருக்கிற ராத்திரியில காதைப் பாறைகிட்ட வச்சா சர்ர் சர்ர்னு சுரண்டுற சத்தமே கேக்கும், உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி. அந்தப் பட்டைக்குப் பேரு ராடுலா, வரிசை வரிசையா பல்லு, முன்னாடி தேய்ஞ்சு போகப் போக பின்னாடிலேர்ந்து புதுசு வந்துக்கிட்டே இருக்கும், பாட்டெல்லா வல்காட்டால அதை நீட்டி வச்சா ஓட்டை விட நீளம். பல்லுக்குள்ள கோதைட்னு ஒரு இரும்புக் கனிமம் மெல்லிசான இழை இழையா இருக்கு. 2015ல இங்கிலாந்துல போர்ட்ஸ்மத் யுனிவர்சிட்டிக்காரங்க அந்தப் பல்லோட ஒரு துணுக்கை இழுத்துப் பாத்து 3லேர்ந்து 6.5 கிகாபாஸ்கல் (இழுப்பைத் தாங்குற வலிமையோட அளவு) வரைக்கும் தாங்குதுன்னு கண்டுபிடிச்சாங்க, சிலந்தி நூலை விட ஸ்ட்ராங், அதுவரைக்கும் அளந்த உயிர்ப் பொருள்லயே இதுதான் டாப். பாறையை நக்கிப் பொழைக்கிறவனுக்குப் பல்லு அப்படி இருந்தாத்தானே ஆகும்.

எவ்ளோ தூரம் போகும்னா பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்ளதான். போற வழியெல்லாம் சளியை விட்டுக்கிட்டே போகும், திரும்பும்போது அந்தத் தடத்தைப் பிடிச்சுக்கிட்டு வரும், ஆனா வழியில பாறையைத் தேய்ச்சுக் கழுவி விட்டாலும் சிலது சரியா வந்து சேந்திருக்கு, அதனால சளி மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. (நீங்க கழுவிப் பாக்காதீங்க, அவங்க பாத்துட்டாங்க, போதும்.) கலிபோர்னியா பக்கம் இருக்கிற லோட்டியா ஸ்கேப்ரா, லோட்டியா ஜைஜான்டியான்னு ரெண்டு வகையில 1984ல இன்னொரு விஷயம் கண்டுபிடிச்சாங்க, அதுங்களோட சளி தன்னோட தீனியான நுண்பாசியையே வளர வைக்குதாம், அதாவது திரும்பி வர்ற வழியில உரம் போட்டுட்டுப் போறான். இந்த ஜைஜான்டியா சின்ன ஆளும் இல்ல, நல்லவனும் இல்ல, சுமாரா 1000 சதுர செ.மீ. பாறையை எனக்குன்னு வளைச்சுப் போட்டுக்கிட்டு உள்ள வர்ற மத்த லிம்பெட்டை ஓட்டால முட்டித் தள்ளி விடும்.

வீடு திரும்புறதைப் பாக்க முடிஞ்சா அதிர்ஷ்டம், பெரும்பாலும் அதுக்குள்ள தண்ணி வந்துடும். நான் மூணாவது ராத்திரிதான் பாத்தேன். தடத்துக்கிட்ட வந்துச்சு, விளிம்பு மேல ஏறுச்சு, அப்புறம் கார் பார்க் பண்ற மாதிரி கொஞ்சம் முன்னாடி, கொஞ்சம் பின்னாடி, அரை வட்டம் திரும்பி, ஓட்டோட ஒரு பள்ளம் பாறையோட ஒரு மேட்டுல உக்காந்த ஒடனே நின்னுச்சு. காலையில எடுத்த போட்டோவோட ஒப்பிட்டுப் பாத்தா உச்சி அதே பக்கம், பொட்டு அதே பக்கம். அதுக்குத் தேவையே அதுதான், வேற பக்கம் திரும்பி உக்காந்தா மூடி சேராதே. அரிஸ்டாட்டிலே லிம்பெட் பாறையை விட்டுட்டு தீனி தேடிப் போகும்னு எழுதி வச்சிருக்காரு, எந்த லைட்டை வச்சுக்கிட்டு எந்த ராத்திரியில உக்காந்து பாத்தாரோ.

நோட்டுல எழுத வேண்டியது இவ்ளோதான்: எந்த லிம்பெட், எத்தனை மணிக்கு ஓட்டைத் தூக்குச்சு, எத்தனை மணிக்கு வீட்டை விட்டுச்சு, எந்தத் திசையில எவ்ளோ தூரம், அப்போ வத்தம் எவ்ளோ, பாறை ஈரமா காஞ்சதா. வெயில் கொளுத்துற பகல்லயும் ஒரு தடவை போயிப் பாருங்க, சில வகை சூடு தாங்காம ஓட்டை லேசாத் தூக்கி ஈரத்தை ஆவியா விட்டு உடம்பைக் குளிர்விச்சுக்கும், அதைப் பாத்துட்டு மேயக் கெளம்புதுன்னு எழுதிடாதீங்க, நான் எழுதிட்டு அப்புறம் அடிச்சேன். ஓட்டோட நீளத்தையும் மாசம் ஒரு தடவை மில்லிமீட்டர்ல அளந்து வைக்கலாம். ஆணா பொண்ணான்னு வெளிய பாத்து சொல்ல முடியாது, பாட்டெல்லா வல்காட்டா மொதல்ல ஆணா இருந்துட்டு பல வருஷம் கழிச்சு பொண்ணா மாறுற கேஸு, அதனால பெரிய ஓட்டுக்காரங்கள்ல பொண்ணுங்க அதிகம், அவ்ளோதான் சொல்லலாம். பெருசா இருக்கிறதையா பாத்துப் பொறுக்கிட்டுப் போனா அங்க முட்டை போட ஆளே இருக்காது.

"நாலு லிம்பெட் போனா என்ன"ன்னு யாராவது கேட்டா 1967 மார்ச்ல நடந்ததைச் சொல்லுங்க. இங்கிலாந்தோட கார்ன்வால் கரையோரம் டோரி கேன்யன்னு ஒரு எண்ணெய்க் கப்பல் பாறையில மோதி ஒடஞ்சுது. எண்ணெயைக் கரைக்கிறேன்னு கரையெல்லாம் டிடர்ஜென்ட்டைத் தெளிச்சாங்க, எண்ணெயை விட அந்த மருந்துதான் பாறையில இருந்த லிம்பெட்டை அடியோட காலி பண்ணுச்சு. மேயிறதுக்கு ஆள் இல்லாமப் போனதும் பாறை பூரா பச்சையாச்சு, அப்புறம் பெரிய பழுப்புக் கடல்பாசி மூடுச்சு, அதுக்கடியில கொட்டலசு செத்துச்சு, அப்புறம் குட்டி லிம்பெட் ஏராளமா வந்து பாசியைத் தின்னு தீத்து பட்டினி கெடந்து செத்துச்சு, இப்படி ஏறி எறங்கி பழைய நெலமைக்கு வர்றதுக்கு சில எடத்துல பத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சு.

மறுநாள் காலையில பொட்டு வச்ச ஆளுங்களைத் திரும்பப் போயி எண்ணுங்க. ஒண்ணு கொறஞ்சா ஒடனே செத்துருச்சுன்னு எழுதாதீங்க, மொதல்ல ஒரு மீட்டர் சுத்தளவுல தேடுங்க, சிலது ஏத்தம் வர்றதுக்குள்ள வீடு திரும்ப முடியாம கெடச்ச எடத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், அடுத்த ராத்திரி வீட்டுக்கு வந்துடும். எங்கயும் காணலன்னா தடத்தை உத்துப் பாருங்க, ஓரத்துல கொத்தின மாதிரி புதுச் செதில் இருந்தா பறவை. என்னோட நாலாம் நம்பரு அப்படித்தான் போச்சு, பாறைக்குக் கீழ இருந்த குட்டையில ஓடு மல்லாக்க கெடந்துச்சு, பொட்டு அழியாம. காலியான அந்த வீட்டுல ரெண்டு வாரம் கழிச்சு அதை விடச் சின்னதா ஒருத்தன் வந்து உக்காந்திருந்தான், சுத்தியும் விளிம்பு சேராம, ஒரு பக்கம் இடைவெளியோட.